நடந்து சென்ற குடில்

அசையாமல் கிடப்பதுபோல் தோன்றும் பனியாறு உண்மையில் நகருமா? சுவிட்சர்லாந்தில் ஒரு குடில் இதற்கு விடை கூறியது.

ஆல்ப்ஸ் மலையின் உண்டரார் பனியாற்றின்மேல் பாதை ஏது? பிளவுகளையும் பாறைக் குவியல்களையும் கடந்தே செல்ல வேண்டும். அவ்வாறு சென்ற இயற்கை ஆய்வாளர் ஹூகி, 1827-இல் அங்கே ஒரு குடில் அமைத்தார். 1839-இல் லூயி அகாசி சென்று பார்த்தபோது, அது வெகுதூரம் கீழே கிடந்தது! 1841-க்குள் அது கடந்த தொலைவு சுமார் 1,400 மீட்டர். அதாவது, ஆண்டுக்குச் சராசரியாக 100 மீட்டர்.

குடிலைச் சுமந்து சென்றது பனியாறே. தன் எடையின் அழுத்தத்தால் பனிக்கட்டி மெல்ல உருமாறியும், அடிப்பாறைமீது வழுக்கியும் கீழிறங்குகிறது.

முற்காலத்தில் ஐரோப்பாவின் பெரும்பகுதியைப் பனிக்கட்டி மூடியிருந்தது என 1840-இல் அகாசி தம் நூலில் வாதிட்டார். குடிலைச் சுமந்த அப்பனியாறோ இன்று உருகிச் சுருங்கி வருகிறது.