வலியை யார் நம்புவது?



கீழத்தஞ்சையின் பண்ணையாள் வரலாற்றைப் பேசும்போதெல்லாம் நாம் இரண்டு சொற்களைச் சேர்த்தே சொல்கிறோம்: சவுக்கடி, சாணிப்பால். கூலி, குத்தகை, படி, மரக்கால் என்று அளக்கக்கூடியவற்றைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. அடிபட்ட உடம்பின் வலியைப் பற்றி நாம் அந்த அளவு யோசித்ததில்லை. இன்றைய நினைவுரையில் அதையே வரலாற்றுப் பொருளாக எடுத்துக்கொள்வோம்.

1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை முறைக்கு இருந்த சட்ட அங்கீகாரத்தை நீக்கியது. ஆனால் காவிரிப் பாசன வயல்களில் பண்ணையாள் முறை அதற்குப் பின்னும் நூறாண்டு நீடித்தது. குடியிருக்கும் மனை மிராசுதாருடையது, வாங்கிய கடன் அவர் கணக்கில். வேலைக்குப் பிந்தினாலும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசினாலும் சவுக்கு பேசும். சாணியைத் தண்ணீரில் கரைத்து வாயில் புகட்டுவது இன்னொரு தண்டனை. சவுக்கு உடம்பில் தழும்பை விட்டுப் போகும். சாணிப்பால் வெளியே தெரியும் காயம் எதையும் விடாது. இருந்தும் அந்தக் காலத்தை அனுபவித்தவர்கள் இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொன்னார்கள். காயமே இல்லாத தண்டனை எப்படிச் சவுக்கடிக்குச் சமமாக வலித்தது?

பழைய ஐரோப்பிய விளக்கத்திடம் இதற்குப் பதில் இல்லை. கயிற்றை இழுத்தால் மணி அடிப்பதைப் போல, உடம்பில் காயம் பட்டால் மூளையில் வலி தெரியும் என்றார் தெகார்த். காயம் எவ்வளவோ வலியும் அவ்வளவு என்பது அந்தக் கணக்கு. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியப் போர்முனையில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர் இதற்கு மாறான ஒன்றைக் கண்டார். பலத்த காயம்பட்ட படைவீரர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவர்தான் வலிமருந்து வேண்டும் என்றார். பின்னாளில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பொதுமக்களிடம் கேட்டபோது ஐவரில் நால்வர் வேண்டும் என்றார்கள். போர்முனையில் காயம் என்பது உயிரோடு வீடு திரும்பும் வழி. பொதுமக்களுக்கோ அது வாழ்க்கையைக் குலைக்க வந்த ஆபத்து. காயத்துக்கு என்ன பொருள் என்பதும் வலியைத் தீர்மானிக்கிறது என்று பீச்சர் முடிவுக்கு வந்தார்.

1965இல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் இருவரும் இதற்கு நரம்பியல் விளக்கம் ஒன்றைத் தந்தார்கள். அவர்கள் சொன்னதை நம் ஊர்க்காரர்கள் எளிதில் புரிந்துகொள்ளலாம். முதுகுத்தண்டில் ஒரு மதகு இருக்கிறது. உடம்பிலிருந்து வரும் வலிச்செய்தி அதைக் கடந்துதான் மூளைக்குப் போகிறது. மதகை எவ்வளவு திறப்பது என்பதில் மூளைக்கும் பங்கு உண்டு. பயமும் பதற்றமும் அதைத் திறக்கும். நம்பிக்கையும் வேறொன்றில் பதிந்த கவனமும் அதைத் தாழ்த்தும். அவர்கள் வரைந்த படத்தின் நுணுக்கங்கள் பின்னர் திருத்தப்பட்டன. ஆனால் மூளை வலியை வாங்கிக்கொள்வதோடு நிற்பதில்லை, அதை உருவாக்குவதிலும் பங்கெடுக்கிறது என்ற அடிப்படை நிலைத்துவிட்டது.

இப்போது களத்துமேட்டுக்குத் திரும்புவோம். கட்டி வைத்து அடிக்கும்போது சேரி பார்க்க வேண்டும். தகப்பன் அடிபடுவதைப் பிள்ளை பார்க்க வேண்டும். தப்பிக்க வழியில்லை, முறையிட இடமில்லை, நாளைக்கும் இதுதான். பயம், அவமானம், கையறுநிலை ஆகிய மூன்றும் ஒவ்வோர் அடியோடும் சேர்ந்து விழுந்தன. வலியில் மனதுக்குள்ள பங்கை விஞ்ஞானம் எழுதுவதற்கு முன்பே மிராசு ஆதிக்கம் அதைக் கருவியாக்கி வைத்திருந்தது.

அதே ஆதிக்கம் இன்னொரு பொய்யையும் பரப்பியது. 'வெயிலிலும் சேற்றிலும் காய்ந்த கட்டை, அதுக்கெல்லாம் உறைக்காது' என்ற பேச்சு நமக்குப் புதிதல்ல. இது உலகெங்கும் உள்ள பொய். 1840களில் அமெரிக்காவின் அலபாமாவில் மரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் அடிமைப்பட்ட கறுப்பினப் பெண்களுக்கு மயக்கமருந்து இல்லாமல் அறுவைச் சிகிச்சைகள் செய்து பார்த்தார். 2016இல் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, கறுப்பினத்தவரின் தோல் தடித்தது என்பது போன்ற பொய்களை நம்பும் வெள்ளை மருத்துவ மாணவர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்றும், அப்படி நம்புகிறவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்றும் காட்டியது. அழுதால் இன்னோர் அடி விழும் என்ற இடத்தில் மனிதர் வாயை மூடிக்கொள்கிறார். அடித்தவரோ அந்த மௌனத்தையே வலிக்கவில்லை என்பதற்குச் சாட்சியாக்கிக்கொள்கிறார்.

அந்த மௌனம் அமைப்பாக உடைந்தது 1943இல். மன்னார்குடிப் பகுதியின் தென்பரையில் விவசாயிகள் சங்கம் தொடங்கியது. பி. சீனிவாசராவ் சேரிகளில் தங்கி, அடித்தால் திருப்பி அடிக்கலாம் என்று சொல்லிக்கொடுத்தார். 1944ஆம் ஆண்டு மன்னார்குடி ஒப்பந்தத்தில் கூலியோடு சேர்த்து, சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாது என்பதும் ஏற்கப்பட்டது. அதுவரை தலைவிதி என்று சொல்லப்பட்ட வலி, நிறுத்தப்பட வேண்டிய அநியாயமாக முதன்முறை எழுத்தில் ஏறியது. 1952இல் வந்த பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்துக்கும் இந்தப் போராட்டங்களே வழி திறந்தன.

இந்த இடத்தில் நமக்கு ஓர் எச்சரிக்கை தேவை. சங்கத்தில் சேர்ந்தவருக்கு அடி வலிக்கவில்லை என்று பாடக் கூடாது. போராளிக்கு வலிக்காது என்பதும் மிராசுதார் சொன்ன பொய்யின் மறுபக்கமே. வலித்தது, ஆனால் அது தனியாளின் அவமானமாக இல்லாமல் ஊரின் கோபமாக மாறியது.

பிறகு வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்டதற்காகவும் செங்கொடியை இறக்க மறுத்ததற்காகவும் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 1970இல் நாகப்பட்டினம் நீதிமன்றம் நிலவுடைமையாளர்கள் சிலரைத் தண்டித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. பெருநிலக்காரர்கள், அதிலும் கார் வைத்திருப்பவர் உள்ளிட்டோர், தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அதன் பார்வை. உயிர் தப்பியவர்களின் சொல்லைவிட உடைமையாளரின் அந்தஸ்துக்கு எடை கூடிப்போனது. 1975இல் வந்த இந்திரா பார்த்தசாரதியின் குருதிப்புனல் நாவலும் பண்ணையாரின் ஆண்மைக் குறைவில் வன்முறைக்கு வேர் தேடியது. எரித்தவரின் மனதுக்குக் கிடைத்த கவனம் எரிந்தவர்களின் வலிக்குக் கிடைக்கவில்லை.

வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2020இல் தன் வரையறையைத் திருத்தியபோது, வலியில் உடல், மனம், சமூகம் மூன்றுக்கும் பங்கு உண்டு என்றது. ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் அந்தச் சொல் மதிக்கப்பட வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. மனதுக்குப் பங்கு உண்டு என்பதை 'எல்லாம் உன் மனப்பிரமை' என்று திருப்பிவிடுகிறவர்கள் வருவார்கள். மூளை உருவாக்கும் வலி உண்மையான வலி. நம் மொழிக்கு இது தெரியும். காலுக்கும் உளைச்சல், மனதுக்கும் உளைச்சல் என்று ஒரே சொல்லை வைத்திருக்கிறோம்.

மெல்சாக் 1975இல் வெளியிட்ட வலி வினாப்பட்டியல், வலியை விவரிக்கும் சொற்களைத் திரட்டி உருவானது. மாணவ நண்பர்கள் செய்ய வேண்டிய வேலையும் அதுவே. நாள் முழுக்கக் குனிந்து நடவு நட்ட பெண்கள் இன்றும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். குடைச்சல், கடுப்பு, குத்தல், எரிச்சல், பிடிப்பு என்று அவர்கள் எந்தச் சொல்லைச் சொல்கிறார்களோ அந்தச் சொல்லையே எழுதுங்கள். எப்போது வந்தது, யார் முன்னால் சொல்ல முடிந்தது, யார் நம்பவில்லை என்பதையும் கேளுங்கள். வயதாகிவிட்டது, வேலை அப்படி என்று அவர்களைத் திருப்பி அனுப்பும் இடங்களுக்கு அந்தக் குறிப்பேட்டோடு கூடவே போங்கள். கேட்கப்படாத வலியைக் கேட்டு எழுதிவைப்பது நம் வரலாற்றுப் பணி.