கண்ணாடிப் பெட்டியும் காட்டுப் பன்னமும்

பிரித்தானியத் தீவுகளின் மழைமிகுந்த மேற்குப் பகுதிகளிலே, ஓக்கு முதலிய பெருமரங்கள் அடர்ந்த காடுகளின் நிழலிற் பன்னங்கள் செழித்து வளர்வன. தமிழ்நாட்டார் பெரணி என வழங்கும் இத்தாவரவகையை அந்நாட்டுக் குடியானவர் பல நூற்றாண்டுகளாகப் பெரிதும் மதித்தாரல்லர். வெட்டியெடுத்ததை மாட்டுத் தொழுவத்திற் பரப்பினர். குன்றுகளில் மண்டிய சில வகைகளை எரித்து, அச்சாம்பலைச் சவர்க்காரமுங் கண்ணாடியுஞ் செய்வோர்க்கு விற்றனர். கண்ணாடிக்காகச் சாம்பலாக்கப்பட்ட அதே குலத்தாவரம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே கண்ணாடிக்குள் வைத்துப் போற்றப்படலாயிற்று. வீட்டு முகப்பிலும், தோட்டத்தின் நிழலான மூலையிலும் நாட்டுப் பன்னங்களை வளர்த்தல் கற்றோர்க்கும் செல்வர்க்கும் இன்றியமையாத அணியாகக் கருதப்பட்டது. அவ்விருப்பம் எவ்வாறு தோன்றியது, காடுகளுக்கு அது யாது செய்தது என்பன ஆராயத்தக்கன.

பன்னத்திற்குப் பூவில்லை, கண்ணுக்குத் தெரியும் விதையுமில்லை. ஆயினும் அது பெருகக் கண்ட பழங்கால மக்கள், அதன் விதை கட்புலனாகாததென்றும், அதனைக் கைக்கொண்டவர் தாமும் பிறர் கண்ணுக்குப் புலப்படார் என்றும் நம்பினர். நடுவேனிற் காலத்து ஓரிரவிலேயே அதனைச் சேர்த்தல் கூடும் என்பது அந்நம்பிக்கையின் ஒரு கூறு. ஷேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' நாடகத்தின் முதற் பாகத்திலும் இதுபற்றிய குறிப்புண்டு. இலையின் அடிப்புறத்துக் காணப்படும் பழுப்புநிறப் புள்ளிகளில் உள்ள தூளே வித்திகள் என்பதும், அவற்றை விதைத்துப் பன்னத்தை முளைப்பிக்கலாம் என்பதும் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலே தெளிவாயின. யமேக்காத் தீவிற் சத்திரவைத்தியராயிருந்த ஜோன் லின்சே என்பார் தாம் வித்தியிலிருந்து பன்னங்களை வளர்த்த முறையை எழுதியனுப்ப, இலண்டன் லின்னேயன் கழகம் அதனை 1794 ஆம் ஆண்டில் வெளியிட்டது. இவ்வாண்டு நினைவிற் கொள்ளற்பாலது. ஏனெனில், பன்னமோகம் தலையெடுப்பதற்கு நாற்பதாண்டுகட்கு முன்னரே, காட்டைத் தோண்டாமற் பன்னத்தைப் பெறும் வழி அச்சேறியிருந்தது.

மோகத்திற்கு வித்திட்டவர் நதானியேல் வார்ட் என்னும் வைத்தியர். அவர் 1791 இற் பிறந்து, இலண்டனின் கிழக்கே கப்பற்றுறைகளை அடுத்த வெல்குளோஸ் சதுக்கத்தில் வாழ்ந்தவர். தம் வீட்டுப் புறத்தே கற்களை அடுக்கி, நீர் சொரியச் செய்து, காட்டுப் பன்னங்களை வளர்க்க முயன்றார். நிலக்கரிப் புகை அவற்றை ஒவ்வொன்றாக மடியச் செய்தது. 1829 ஆம் ஆண்டில் அவர் வேறொரு நோக்கத்துடன் விட்டிற்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமான இலையுக்கலிற் புதைத்து, அகன்ற வாயுள்ள கண்ணாடிப் போத்தலில் இட்டு மூடிவைத்தார். பகலில் மண்ணின் ஈரம் ஆவியாகி எழுந்து கண்ணாடியிற் படிந்து, மீண்டும் மண்ணுக்கே வடிந்ததைக் கண்டார். சில நாட்களில், விதைக்கப்படாத இரண்டு முளைகள் அம்மண்ணின்மேல் தோன்றின. ஒன்று புல்; மற்றையது, முற்றத்திலே பலமுறை நட்டும் பிழையாத பன்னம். மூடி துருப்பிடித்து மழைநீர் உட்புகும் வரை, ஏறக்குறைய நான்காண்டுகள் அவை அப்போத்தலிலேயே உயிர்வாழ்ந்தன.

தற்செயலாக நேர்ந்ததை நோக்கமுடைய ஆய்வாக மாற்றியதிலேயே வார்ட்டின் பெருமை தங்கியுள்ளது. ஹக்கினியில் நாற்றுமனை நடத்திய லொடிஜஸ் குடும்பத்தாரின் துணையுடன் அவர் பலவகைப் பெட்டிகளைச் செய்து பார்த்தார். 1833 இல் பன்னங்களும் புற்களும் நிரம்பிய இரு பெட்டிகள் கப்பல்மேற்றளத்தில் வைக்கப்பட்டுச் சிட்னி நகருக்கு அனுப்பப்பட்டன. அவை செழுமை குன்றாமற் சென்றடைந்தன. மறுவழியில் அவுஸ்திரேலியத் தாவரங்கள் ஏற்றப்பட்டன. கடும் வெப்பத்தையும், தென்னமெரிக்க முனையிற் பனியையும் கடந்து எட்டு மாதங்களின் பின் அவை இலண்டனை அடைந்தபொழுது, முன்னொருபோதும் உயிருடன் பிரித்தானியாவிற்குக் கொண்டுவரப்படாத பன்னமொன்றும் அவற்றுள் பச்சையாக நின்றது. 1842 இல் வார்ட் தம் முடிபுகளை நூலாக வெளியிட்டார். நகரத்துப் புகையிலிருந்து சில பன்னங்களைக் காக்க எழுந்த இப்பெட்டி பின்னர் பேரரசின் பயிர்த்தொழிற் கருவியாயிற்று. 1876 இல் கியூ பூங்காவிலிருந்து ஏறக்குறைய 1,900 இறப்பர்க் கன்றுகள் இத்தகைய பெட்டிகளிலேயே இலங்கைக்கு வந்தன. கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடைப் பூங்கா அவற்றை வளர்ப்பதற்கென அமைந்ததே. ஈழத்தின் இறப்பர்த் தோட்டங்களின் வரலாறு இலண்டன் வைத்தியர் ஒருவரின் போத்தலோடு தொடர்புற்றிருத்தல் வியப்பிற்குரியது.

கண்ணாடியின் மீதிருந்த வரி 1845 இல் நீக்கப்பட்டது. செல்வர் மட்டுமே வாங்கக்கூடியதாயிருந்த பெட்டி நடுத்தரக் குடும்பத்தின் வரவேற்பறைக்கும் வந்தது. அதே காலத்தில் புகையிரதப் பாதைகள் டெவன், வேல்ஸ், வட இங்கிலாந்தின் ஏரிநாடு முதலிய பன்னநிலங்களை நகரத்தார்க்கு ஒருநாட் பயணமாகச் சுருக்கின. எட்வேட் நியூமன், தோமஸ் மூர் முதலியோரின் நூல்கள் எந்தப் பன்னம் எவ்விடத்தில் வளரும் என்று வழிகாட்டின. 1855 இல் மூரின் விளக்கத்துடன் ஹென்றி பிராட்பரி வெளியிட்ட பெருநூலிலே, உலர்ந்த பன்னவிலையை ஈயத்தகட்டில் அழுத்திப் பதிவெடுக்கும் முறையால் ஒவ்வொரு நரம்பும் தாளிலே தோன்றியது. அவ்வாண்டிலேயே சார்ள்ஸ் கிங்ஸ்லி என்னும் எழுத்தாளர் இந்நிலைமைக்குப் 'பன்னப் பித்து' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லொன்றைப் படைத்து வழங்கினார். அவர் அதனை நகைத்தாரேனும் வெறுத்தாரல்லர்; வீண்பேச்சினும் கதைப்புத்தகங்களினும் இப்பொழுதுபோக்கு இளம்பெண்டிர்க்கு நன்று என்பதே அவர் கருத்து. கல்லூரிக் கதவுகள் பெண்களுக்கு அடைக்கப்பட்டிருந்த அக்காலத்திலே, காடு மேடெல்லாம் நடந்து, பெயரறிந்து, வகைபிரித்துப் பயிலும் உரிமையைப் பன்னம் அவர்க்கு அளித்தது என்பதை மறத்தலாகாது.

பெட்டிக்குள் அடங்காத காட்டுப் பன்னங்களுக்கெனத் தோட்டத்தின் நிழற்புறம் புதிதாக வகுக்கப்பட்டது. அதுகாறும் சூரியவொளி படாத மூலை தோட்டக்காரனின் தலைவலியாயிருந்தது. 1856 இல் ஸ்தபோட்சயரிலுள்ள பிடல்ப் கிரேஞ்சு என்னும் மாளிகைத் தோட்டத்தில் ஓவியர் எட்வேட் குக், வேரோடு பெயர்த்த மரக்கட்டைகளைத் தலைகீழாக அடுக்கி, அவற்றின் இடைவெளிகளிற் பன்னங்களை வளர்க்கும் அமைப்பொன்றைச் செய்தார். பார்ப்பவர்க்குச் சிலந்திக் கால்கள்போல் விகாரமாகத் தோன்றுவதாயினும், பன்னத்தின் இயல்பறிந்த அமைப்பு அஃதெனலாம்; உக்கும் மரமும், குளிர்ந்த நிழலும், காற்றுப்படாத ஒதுக்கும் அதற்கு ஒருங்கே கிடைத்தன.

அக்காலத்து அனுபவம் வாயிலாக ஒவ்வொரு வகையின் விருப்பமும் அறியப்பட்டது. ஆண்பன்னம், பெண்பன்னம் என ஆங்கிலேயர் வழங்கும் இரண்டும் (இவை வெவ்வேறு சாதிகளேயன்றி ஒரு சாதியின் ஆணும் பெண்ணும் அல்ல) இலையுக்கல் நிறைந்த எந்நிழலிலும் வளர்வன. ஆண்பன்னம் சற்றே வறட்சியையும் பொறுக்கும். நாக்குப்போன்று பிளவுபடாத இலையுடைய மான்நாப் பன்னம் சுண்ணாம்பை விரும்பும். ஆதலால் பழைய சுவரின் சாந்தையும் இடித்து மண்ணிற் கலந்தனர். வன்பன்னமோ சுண்ணாம்பு படின் நலியும். அரசப் பன்னம் நீரோரத்துச் சேற்றில் ஆளுயரம் வளர்வது. நடும்பொழுது குருத்துமுடியை மண்ணுள் ஆழப் புதைத்தல் கூடாது. அது மண்மட்டத்தில் நின்றாற்றான் அழுகாது. மாரியிற் காய்ந்த இலைகளை வெட்டாமல் விட்டால், அவை குருத்தின்மேற் கவிந்து உறைபனியினின்று காக்கும்; இளவேனிலிற் சுருள் விரியுமுன் நீக்கினாற் போதும்.

இத்தனையுங் கற்றவர்கள் கன்றுகளை எங்கிருந்து பெற்றனர்? பெரும்பாலும் காட்டிலிருந்தே. டெவன் மாவட்டத்தின் ஒழுங்கைகளிலும் ஓடைக்கரைகளிலும் தோண்டியெடுத்தவை கூடைகூடையாக இலண்டன் தெருக்களில் விற்கப்பட்டன. நகரத்து வெயிலிலும் புகையிலும் அவற்றுட் பல ஆண்டொன்று காணாது மடிந்தன. மடிந்தவற்றின் இடத்துக்கு மீண்டும் காடே தேடப்பட்டது. அரசப் பன்னத்தின் நார்த்திரளை ஓக்கிட்டு வளர்ப்போரும் விரும்பினமையால், அதற்கு இருமடங்கு கேடு விளைந்தது. அயர்லாந்தின் அருவிப் பாறைகளில், ஒளி ஊடுருவும் மெல்லிய இலையுடன் வளர்ந்த கில்லார்னிப் பன்னத்தின் நிலை இன்னும் பரிதாபமானது. கண்ணாடிப் பெட்டியில் மிகச் சிறப்பாக வளர்வது என்ற புகழே அதற்குக் கூற்றாயிற்று. பொதுவகைகளில் நிறைவடையாதவர் மலையுச்சிகளில் அரிதாக வளரும் உட்சியா வகைகளை நாடினர். 1861 இல் வேல்ஸின் சுனோடன் மலையில் வழிகாட்டி ஒருவர் அத்தகைய பன்னத்தைப் பறிக்கச் சென்று விழுந்து உயிரிழந்தார். வாங்குவோர் நகரத்தில் இருந்தனர். பாறையில் ஏறியவர் கூலிக்கு ஏறிய ஏழை. பன்னமோகத்தை இன்பக் கதையாக மட்டும் எழுதுவோர் இதனை ஒருவரியிற் கடந்துவிடுதல் முறையன்று.

இவ்வழிவு அறியாமையால் நேர்ந்தது என்று கூறிவிடவும் இயலாது. லின்சேயின் முறை முன்னரே இருந்தது. 1848 இல் போலந்து நாட்டவரான லெஸ்சிச் சுமின்ஸ்கி பன்னத்தின் கருவுறுதல் நிகழுமிடத்தைக் கண்டார். 1851 இல் ஜெர்மனியரான ஹொவ்மைஸ்டர் அதன் வாழ்க்கை வட்டத்தை முழுமையாக விளக்கினார். முதிர்ந்த வித்திகளைக் கோடையிற் சேர்த்து, கொதிநீர் ஊற்றிப் பிறவுயிர்களை அழித்த மண்ணின்மேற் தூவிக் கண்ணாடியால் மூடிவைத்தால், சில கிழமைகளிற் பச்சைப் படலம் தோன்றும். அது நகத்தளவான இதயவடிவத் தகடுகளாக விரியும். அத்தகட்டின் அடிப்புறத்திலேதான் ஆண், பெண் உறுப்புகள் உள. அவை கூடுதற்கு மென்படலமாக நீர் வேண்டும். அதன் பின்னரே உண்மைப் பன்னத்தின் முதலிலை எழும். தோட்டத்தில் நடுமளவு வளர இரண்டு, மூன்று ஆண்டுகள் செல்லும். ஒரு சில்லிங்கு கொடுத்தால் வளர்ந்த பன்னம் கைக்கு வரும்பொழுது மூன்றாண்டு காத்திருப்பவர் சிலரே. வேண்டியதாயிருந்தது அறிவன்று, பொறுமை.

அப்பொறுமை வாய்த்த சிலர் வேறோர் உலகைக் கண்டனர். ஒரே தாயின் வித்திகளிலிருந்து, இலைநுனி குஞ்சம்போற் பிரிந்தனவும், மயிரிழைபோல் நுணுகியனவும், வலைபோற் பின்னியனவும் தோன்றின. 1861 இல் ஸ்கொட்லாந்தில் மாணவர் ஒருவர் கண்டெடுத்த பெண்பன்ன வகையொன்றில், சிற்றிலைகள் இரண்டிரண்டாகப் பிரிந்து நெடுகிலும் சிலுவைகளின் வரிசைபோல் அமைந்திருந்தன. அது விக்ரோறியா அரசியின் பெயரைப் பெற்றது. மென்கேடயப் பன்னம் ஒன்றிலேயே நூற்றுக்கணக்கான வகைகள் பெயரிடப்பட்டன. இவ்வார்வம் கொண்டோர் 1891 இல் ஏரிநாட்டின் கெண்டல் நகரிற் கூடி அமைத்த சங்கமே பிரித்தானியப் பன்னவியற் சங்கம். பித்துத் தணிந்த பின்னரும், முதலாம் உலகப் போரில் நிலக்கரியின்றிப் பன்னவீடுகள் பாழான பின்னரும் அது நிலைத்தது. இன்றும் உறுப்பினர்கள் வித்திகளைத் தம்முட் பரிமாறி வருகின்றனர்.

சட்டம் நெடுங்காலம் கழித்தே வந்தது. 1981 ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டம், நிலவுடைமையாளரின் இசைவின்றிக் காட்டுத் தாவரம் எதனையும் வேரோடு பிடுங்குதலைக் குற்றமாக்கியது. கில்லார்னிப் பன்னமும் உட்சியாவும் தனிப்பாதுகாப்புப் பெற்றன. தென் ஸ்கொட்லாந்தின் குன்றுகளில் மோகத்தாற் பெரிதும் அழிந்த உட்சியாவை, எடின்பரோ அரச தாவரவியற் பூங்காவினர் வித்தியிலிருந்து வளர்த்து, 1999 முதல் பழைய வாழிடங்களில் மீளநட்டனர்.

கில்லார்னிப் பன்னம் தானே ஒரு வழி செய்திருந்தது. 1980களின் இறுதியில், பிரித்தானியாவின் பல பகுதிகளிலுள்ள இருண்ட பாறைப் பிளவுகளிற் பசும்பஞ்சுபோற் படர்ந்திருந்தது அப்பன்னத்தின் முதற்பருவமே என்பது தெளிவாயிற்று. இலையுள்ள பருவத்தை எய்தாமலே அது தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்துவந்துள்ளது. பாசியென்றே எண்ணப்பட்டதால் சேகரிப்போர் எவரும் அதனைத் தொடவில்லை. முழுவளர்ச்சியுற்ற இலைகளுடன் அது நிற்கும் சிலவிடங்களின் பெயர்களை ஆய்வாளர் இன்றும் அச்சிடுவதில்லை.