லாபம் பார்க்காத ஒரு பேக்டரியின் கதை

காமர்ஸ் படிப்பவர்கள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்ளும் ஒரு கம்பெனியின் கதை இது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்தில் 1978 முதல் 1992 வரை நடந்த பேக்டரி ரெக்கார்ட்ஸ். பதினான்கு வருடம் நடத்திக் கடைசியில் திவாலானார்கள். ஆனால் அந்தக் கம்பெனியின் ரசிகர்கள் இன்றுவரை திவாலாகவில்லை!

கம்பெனி பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பிருந்து ஆரம்பிக்க வேண்டும். 1976 ஜூன் 4-ம் தேதி, மான்செஸ்டர் லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹாலில் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் கச்சேரி. டிக்கெட் 50 பென்ஸ். வந்தவர்கள் நாற்பது பேர் சுமார். ஆனால் பிற்காலத்தில் "நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன்" என்று சொன்னவர்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரு ஸ்டேடியம் வேண்டும். இதைத் துருவி ஆராய்ந்து டேவிட் நோலன் என்ற பத்திரிகையாளர் ஒரு புத்தகமே எழுதிவிட்டார். நம்ம ஊரில் "எம்.ஜி.ஆர். என் தோளில் கை போட்டார்" என்று சொல்பவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்களே, அது மாதிரிதான்.

நிஜமாகவே வந்திருந்தவர்களில் பீட்டர் ஹுக், பெர்னார்ட் சம்னர் என்ற இரண்டு நண்பர்கள் உண்டு. ஹுக் மறுநாளே ஒரு பேஸ் கிட்டார் வாங்கிவிட்டார். அப்புறம் உருவானதுதான் ஜாய் டிவிஷன். உள்ளூர் டி.வி. நிகழ்ச்சியாளர் டோனி வில்சனும் தான் அன்று இருந்ததாகக் கடைசிவரை சொன்னார். அவர் வந்தது ஜூலை 20-ல் நடந்த இரண்டாவது கச்சேரிக்குத்தான் என்று சொல்பவர்களும் உண்டு. பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை.

இந்த வில்சனும் ஆலன் இராஸ்மஸ் என்ற நடிகரும் சேர்ந்து 1978 மே மாதம் ஹுல்ம் பகுதியில் இருந்த ஒரு கிளப்பில் 'பேக்டரி' என்ற பெயரில் கச்சேரிகள் நடத்த ஆரம்பித்தார்கள். அதற்கு போஸ்டர் போட்டவர் பீட்டர் சாவில் என்ற மாணவர். போஸ்டர் பிரமாதம். என்ன, கச்சேரி முடிந்த பிறகு வந்து சேர்ந்தது! அதற்குத்தான் ஃபாக் 1 என்று நம்பர் கொடுத்தார்கள். அதிலிருந்து கம்பெனி தொட்டதற்கெல்லாம் நம்பர். இசைத்தட்டுக்கு நம்பர் போடுவது எல்லோரும் செய்வதுதான். இவர்கள் சலூனுக்குப் போட்டார்கள், பூனைக்குப் போட்டார்கள். சொந்தத் தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் கம்பெனி மேல் கேஸ் போட்டபோது அந்த வழக்குக்கும் ஒரு நம்பர், ஃபாக் 61.

ஒப்பந்த விஷயம் இதைவிட வேடிக்கை. செலவு போக மிஞ்சுவதில் கம்பெனிக்குப் பாதி, இசைக்குழுவுக்குப் பாதி. பாட்டின் உரிமை முழுக்க இசைக்குழுவுக்கே, விருப்பப்பட்டால் எப்போது வேண்டுமானாலும் கிளம்பிப் போகலாம் என்று ஒரு தாளில் எழுதி வில்சன் ரத்தத்தில் கையெழுத்துப் போட்டார் என்பார்கள். பெரிய கம்பெனிகள் பாட்டுக்காரர்களை அடிமாடு மாதிரி வைத்திருந்த காலத்தில் இது சாதாரண விஷயம் இல்லை.

கச்சேரி நினைவுகளில் எல்லாம் இனிப்பு இல்லை. 1980 ஏப்ரல் 8, பரி என்ற ஊரின் டெர்பி ஹால். ஜாய் டிவிஷன் பாடகர் இயன் கர்ட்டிஸ் வலிப்பு நோயாளி. தற்கொலைக்கு முயன்று ஓரிரு நாள்தான் ஆகியிருந்தது. அவருக்குப் பதிலாக வேறு குழுவிலிருந்து ஆலன் ஹெம்ப்சால் வந்து பாடினார். கர்ட்டிஸ் நடுவில் வந்து இரண்டு பாட்டு மட்டும் பாடிவிட்டு உள்ளே போனார். விஷயம் தெரியாத கூட்டம் பாட்டில் வீசியது, பெரிய அடிதடி ஆனது. அன்றைக்குப் பாட்டில் எறிந்தேன் என்று சொல்ல மட்டும் யாரும் முண்டியடித்து வரவில்லை பாருங்கள்.

மே 2-ம் தேதி பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஒரு கச்சேரி. 'செரிமனி' என்ற புதுப் பாட்டை அன்று வாசித்தார்கள். மே 18-ம் தேதி கர்ட்டிஸ் தூக்குப் போட்டு இறந்தார். வயது 23. ஜாய் டிவிஷன் அந்தப் பாட்டை மேடையில் வாசித்தது அந்த ஒரு முறைதான். அன்று கேட்ட மாணவர்களுக்கு அது கடைசிக் கச்சேரி என்று எப்படித் தெரியும்?

மீதி மூவரும் நியூ ஆர்டர் என்ற பெயரில் தொடர்ந்தார்கள். 1983-ல் வந்த 'புளூ மண்டே' பிரிட்டனில் மிக அதிகம் விற்ற 12 அங்குல சிங்கிள். சாவில் அதன் உறையை ஃபிளாப்பி டிஸ்க் போல ஓட்டைகள் வெட்டி வடிவமைத்தார். குழுவின் பெயரைக்கூட எழுத்தில் போடவில்லை, கலர் கட்டங்களாகப் போட்டார். உறைச் செலவால் ஒவ்வொரு தட்டு விற்கும்போதும் நஷ்டம் என்பது பிரபலமான கதை. எத்தனை பென்ஸ் என்பது மட்டும் சொல்பவரைப் பொறுத்து மாறும். பின்னால் சாதா உறைக்கு மாறிவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் கதையின் ருசி போய்விடும் என்பதால் ரசிகர்கள் அதை விட்டுவிடுவார்கள்.

சம்பாதித்த பணம் போன இடம் ஹசியெண்டா கிளப், ஃபாக் 51. பழைய படகு ஷோரூமில் 1982 மே 21-ல் திறந்தது. முதல் சில வருடம் ஈ ஓட்டினார்கள். 1984 ஜனவரியில் மடோனா வந்து ஆடியதைப் பார்த்தவர்களும் வருடா வருடம் பெருகிக்கொண்டே இருக்கிறார்கள். 1988 வாக்கில் ஆசிட் ஹவுஸ் இசை வந்ததும் நிற்க இடமில்லாத கூட்டம். ஆனால் வந்தவர்கள் எக்ஸ்டஸி மாத்திரை போட்டுக்கொண்டு தண்ணீர்தான் குடித்தார்கள். பாரில் வியாபாரம் இல்லை! "வாழ்க்கையின் சிறந்த இரவுகள்" என்று ரசிகர்கள் உருகும் அதே காலத்தில்தான், 1989-ல், அங்கே மாத்திரை போட்ட 16 வயதுப் பெண் ஒருத்தி இறந்தாள். வாசலில் துப்பாக்கியோடு ரவுடிகள் வந்தார்கள். 1991-ல் சில மாதம் கிளப்பையே மூட வேண்டியிருந்தது. வாசலில் நின்ற காவலாளிகள் நினைவுகளை எழுதினால் அது வேறு மாதிரி இருக்கும்.

கிளப் நஷ்டம், புது ஆபீஸ் கட்டடம், ஹேப்பி மண்டேஸ் குழு பார்படாஸ் தீவில் போய் ஆல்பம் பதிவு செய்த செலவு எல்லாம் சேர்ந்து 1992 நவம்பரில் கம்பெனி திவால். லண்டன் ரெக்கார்ட்ஸ் விலைக்கு வாங்க வந்தது. அப்போதுதான் அந்தப் பழைய தாள் வெளியே வந்தது. பாட்டுகள் கம்பெனியுடையதே இல்லையென்றால் வாங்குவதற்கு என்ன இருக்கிறது? பேரம் முறிந்தது. வியாபாரமாகப் பார்த்தால் முட்டாள்தனம். இசைக்குழுக்களின் பக்கம் நின்று பார்த்தால், கொடுத்த வாக்கு பதினான்கு வருடம் கழித்தும் செல்லுபடியானது.

ஹசியெண்டா 1997-ல் மூடியது. 2000-ல் அதன் சாமான்களை நல்ல காரியத்துக்காக ஏலம் விட்டபோது ரசிகர்கள் செங்கல்கூட வாங்கிப் போனார்கள். நடனத் தரையின் பலகையில் ஹுக் பிற்பாடு கிட்டார்களே செய்தார். இப்போது அந்த இடத்தில் அதே பெயரில் அடுக்குமாடிக் குடியிருப்பு.

வில்சனுக்கு சிறுநீரகப் புற்றுநோய் வந்தபோது கையில் காசில்லை. மாதம் 3,500 பவுண்டு ஆகும் மருந்தை அரசு மருத்துவத் திட்டம் தர மறுத்தது. இசை உலக நண்பர்கள் பணம் போட்டு வாங்கிக் கொடுத்தார்கள். 2007 ஆகஸ்ட் 10-ல் 57 வயதில் இறந்தார். சவப்பெட்டிக்கு ஃபாக் 501 என்று நம்பர் கொடுத்தார்கள். கல்லறைக் கல்லை வடிவமைத்தவர்களில் சாவிலும் ஒருவர். வழக்கம்போல தாமதம். மூன்று வருடம் கழித்து, 2010-ல்தான் அது வந்து சேர்ந்தது.