எபேசு: கடலை இழந்த துறைமுக நகரம்

எபேசு (எபேசஸ்) துருக்கியின் மேற்கே, இஸ்மிர் மாகாணத்தில் செல்சுக் நகரை ஒட்டி அமைந்துள்ள பண்டைய கிரேக்க, உரோமை நகரம். 2015-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஏஜியன் கடலில் வரும் பயணக் கப்பல்கள் குஷாடசி துறைமுகத்தில் நிற்கின்றன. பயணிகள் அங்கிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவிலுள்ள இடிபாடுகளைக் காரிலோ வேனிலோ சென்று பார்த்துவிட்டு, கப்பல் புறப்படும் முன் திரும்புகிறார்கள். எபேசுவைப் பார்க்க இன்று வேறொரு துறைமுகத்தில் இறங்க வேண்டியிருப்பதுதான் அந்நகரின் வரலாற்றில் கவனிக்க வேண்டிய செய்தி. உரோமைப் பேரரசின் ஆசிய மாகாணத்துக்கு வரும் ஆளுநர்கள் முதலில் எபேசுவில்தான் கரையிறங்க வேண்டும் என்ற விதியே இருந்தது. இப்போது கடல் அங்கிருந்து ஐந்தாறு கி.மீ. விலகியிருக்கிறது.

வண்டலும் இடமாற்றமும்

காய்ஸ்ட்ரோஸ் ஆறு (இன்றைய குச்சுக் மெண்டெரெஸ்) கொண்டுவந்த வண்டல் எபேசுவின் விரிகுடாவைத் தொடர்ந்து மேடாக்கியது. ஆர்ட்டெமிஸ் கோயிலைச் சுற்றியிருந்த பழைய குடியிருப்பிலிருந்து மக்களை, இன்று இடிபாடுகள் உள்ள பள்ளத்தாக்குக்கு மாற்றியவர் அலெக்சாந்தரின் தளபதிகளுள் ஒருவரான லிசிமாகஸ். காலம் ஏறத்தாழ பொ.யு.மு. 290. மக்கள் நகர மறுத்ததால், பெருமழை நாளில் வடிகால்களை அடைத்து வீடுகளை வெள்ளத்தில் மூழ்கச்செய்தார் என்று ஸ்ட்ராபோ எழுதுகிறார்.

புதிய துறைமுகமும் தப்பவில்லை. அதன் வாயிலைக் குறுக்கினால் உட்பகுதி ஆழமாகும் என்று பெர்கமோன் அரசர் இரண்டாம் அட்டாலஸும் அவருடைய பொறியாளர்களும் எண்ணி அணைகரை கட்டினர். நடந்தது நேர்மாறானது. முன்பு கடலலை ஏறி இறங்கும்போது வண்டலின் ஒரு பகுதியை வெளியே இழுத்துச் சென்றது. வாயில் குறுகியபின் வண்டல் முழுவதும் உள்ளேயே தங்கிவிட்டது. இதையும் ஸ்ட்ராபோவே பதிவுசெய்திருக்கிறார். நீரோ காலத்தில் ஆளுநர் பாரியா சொரானஸ் துறைமுகத்தைத் தூர்வாரினார். பேரரசர் ஹாட்ரியன் காலத்தில் ஆற்றையே திசைதிருப்பினார்கள். பளிங்குக் கற்களைத் துறைமுகக் கரையில் அறுத்துத் தூளைச் சேரவிடக் கூடாது என்ற ஆளுநர் ஆணை ஒன்றும் கல்வெட்டாகக் கிடைத்துள்ளது. நகரம் தன் ஆபத்தை அறிந்தே இருந்தது.

ஒரு நாளில் காண்பவை

பெரும்பாலான குழுக்கள் மேல்வாயிலில் நுழைந்து, குரேட்டெஸ் தெரு வழியாக இறங்கி, கீழ்வாயிலில் வெளியேறுகின்றன. வழியிலுள்ள செல்சஸ் நூலகம் ஒரு கல்லறையும் கூட. ஆசிய மாகாண ஆளுநராக இருந்த செல்சஸின் உடல் அதன் அடியில் வைக்கப்பட்டது. நூலகத்தைத் தொடங்கியவர் அவர் மகன் அக்விலா. இன்று நிற்கும் இரண்டடுக்கு முகப்பு, விழுந்துகிடந்த கற்களைக் கொண்டு 1970-க்கும் 1978-க்கும் இடையில் மீண்டும் எழுப்பப்பட்டது. ஒளிப்படங்களில் எபேசு என்றால் இந்த முகப்புதான். அந்தப் புகழில் துறைமுகம் மறைந்துபோகிறது.

அதைக் காண சுமார் 25,000 பேர் அமரக்கூடிய அரங்கத்தின் மேற்படிகளில் ஏற வேண்டும். ஆர்ட்டெமிஸின் சிறு வெள்ளிக் கோயில்களைச் செய்துவந்த தட்டார்கள், பவுலின் போதனையால் தங்கள் பிழைப்பு கெடுமென்று கலகம்செய்ததாக விவிலியம் கூறுவது இந்த அரங்கத்தில்தான். அங்கிருந்து மேற்கே ஓடும் ஆர்க்கடியான் தெரு சுமார் 500 மீட்டர் நீளம். அதில் இரவு விளக்குகள் எரிந்ததைக் கல்வெட்டு குறிப்பிடுகிறது. தெரு முடியும் இடத்தில் நாணல் அடர்ந்த சதுப்பு தெரிகிறது. அதுவே துறைமுகம்.

குழுவோடு வருபவர்களுக்குப் படியேற நேரம் கிடைப்பது அரிது. தனி வழிகாட்டியை அமர்த்திக்கொள்பவர் அங்கே அரைமணி நேரம் செலவிடலாம். பின்பு ஆர்ட்டெமிஸ் கோயில் இருந்த இடத்துக்கும் செல்லலாம். ஏழு உலக அதிசயங்களுள் ஒன்றான அக்கோயிலில் எஞ்சியது, கிடைத்த துண்டுகளை அடுக்கி நிறுத்திய ஒற்றைத் தூண். அதன் உச்சியில் நாரைகள் கூடு கட்டுகின்றன. பார்க்க ஒன்றுமில்லை என்று பலர் ஏமாற்றமடைவதுண்டு. ஆனால் எபேசுவின் கதை அந்தப் பள்ளத்தில்தான் தெளிவாக விளங்குகிறது. ரயில் நிலையங்கள் கட்ட வந்த ஆங்கிலேயர் ஜான் டர்ட்டில் உட் 1863-ல் கோயிலைத் தேடத் தொடங்கி, 1869-ன் கடைசி நாளில் கண்டடைந்தார். அது ஏறத்தாழ 6 மீட்டர் வண்டலுக்கு அடியில் கிடந்தது.

துறைமுகத்தின் பயன் குறையக் குறைய மக்கள் அயாசுலுக் குன்றுக்கு நகர்ந்தனர். இன்றைய செல்சுக் அக்குன்றைச் சூழ்ந்த ஊர். கடல் வணிகம் காலப்போக்கில் தெற்கே குஷாடசிக்குச் சென்றது. அங்கே 17-ஆம் நூற்றாண்டில் எக்கூஸ் மெஹ்மத் பாஷா கட்டிய வணிகர் சத்திரம் கப்பல்துறைக்கு எதிரிலேயே நிற்கிறது. மாலையில் கப்பலுக்குத் திரும்பும் பயணிகள் அதைக் கடந்துதான் செல்கிறார்கள்.