மறுமுறை எடுத்த உறுதிமொழி

மன்னனுக்கு முடிசூட்டு விழா வாழ்நாளில் ஒருமுறைதான். புரோகிதர் நாள் குறிப்பார், மந்திரம் முழங்கும், மணிமுடி ஏறும். பிறகு அவன் நல்லவனோ கெட்டவனோ, சாவு வந்தாலன்றிப் பெரும்பாலும் அம்முடி இறங்குவதில்லை. குடியரசில் அப்படியன்று, தோழர்களே! ஐந்தாண்டு முடிந்ததும் தலைவரின் பதவி போய்விடுகிறது. மறுபடியும் வென்றால், உறுதிமொழியை முதல் எழுத்திலிருந்து மீண்டும் சொல்லியாகவேண்டும். அதையும் கடவுள் பெயரால் சொல்லலாம்; கடவுளை அழைக்காமல் உளமார உறுதி கூறியும் பதவி ஏற்கலாம். அரசியல் சட்டத்தின் 60ஆம் பிரிவு இரண்டு வழியையும் திறந்தே வைத்திருக்கிறது.

இந்தியாவில் இரண்டாம் தேர்தலிலும் வென்று அப்படிப் பதவியேற்ற குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் ஒருவரே. நாள், 1957 மே 13. பெற்ற வாக்கு மதிப்பு 4,59,698; எதிர்த்து நின்ற இருவரும் சேர்ந்து ஐயாயிரத்தைத் தொடவில்லை. நேருவின் விருப்பமோ இராதாகிருஷ்ணன்மீது இருந்தது. நம் வண்டலூருக்கு அடுத்த தாம்பரத்தில் இன்றுள்ள கிறித்தவக் கல்லூரி, சென்னை நகருக்குள் இருந்த காலத்தில் அங்கே பயின்றவர் அவர். கட்சி பிரசாத்தையே நிறுத்தியது.

பிரசாத் சனாதனப் பற்றாளர். 1951 மே மாதம், நேரு தடுத்தும் கேளாமல், சோமநாதர் கோயில் விழாவுக்குச் சென்றார். அதே ஆண்டு செப்டம்பரில் இந்து சட்டத் தொகுப்பை எதிர்த்துக் கடிதம் எழுதினார். ஆயினும் பெண்ணுக்கு மணவிலக்கு உரிமை தந்த 1955ஆம் ஆண்டுச் சட்டத்திலும், தந்தை சொத்தில் மகளுக்குப் பங்கு தந்த 1956ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருப்பது அவர் கையொப்பமே! உள்ளம் மாறிற்றா? அப்படி நினைக்க நமக்குச் சான்றில்லை. அமைச்சரவையின் முடிவுக்குத் தலைவர் கட்டுப்பட்டவர் என்னும் முறைமை, வைதிக மனத்தையும் ஒப்பமிட வைத்தது. நாம் மகிழத்தக்க காட்சி.

ஆனால் அதே முறைமை இரண்டாம் பதவிக்காலத்தில் வேறு தாள்களையும் அவர்முன் நீட்டியது. பதவியேற்புக்கு 38 நாள் முன்பு, 1957 ஏப்ரல் 5இல் கேரளத்தில் அமைந்த நம்பூதிரிபாட் அமைச்சரவை, 1959 சூலை 31இல் அவர் ஒப்பத்தால் கலைந்தது. 1960 ஏப்ரல் 27இல் இந்தி ஆணை அவர் பெயரால் வந்தது. தமிழகம் கொதித்தது. பெண்ணுக்குப் பங்கு தந்த பேனாதான் நமக்கு இந்தியையும் தந்தது.

தலைவர் எப்போதும் அமைச்சரவையின் சொற்படிதான் நடக்கவேண்டுமா? இதைச் சட்ட அறிஞர்கள் ஆராயவேண்டுமெனப் பிரசாத்தே 1960 நவம்பர் 28இல் தில்லியில் கேட்டார். 1963இல் அவர் மறைந்தார். நடந்தே ஆகவேண்டும் என்னும் விடை, 1976இன் 42ஆம் திருத்தமாக, அவசரநிலைக் காலத்தில் வந்தது.