தலையில் கோத்த நீர்

மெல்லின எழுத்துகளுக்கு மூக்கே இடம் என்கிறது நன்னூல். தொல்காப்பியப் பிறப்பியலும் மெல்லெழுத்துகளின் ஒலியை மூக்கின் வளியோடு சேர்த்தே பேசுகிறது. கல்லூரியில் ஆண்டுதோறும் இலக்கணம் நடத்தும் எனக்கு, இந்த நூற்பாக்களின் உண்மை நூலைவிட நோயினாலேயே நன்கு விளங்கியது. மூக்கு முற்றிலும் அடைத்துக்கொண்டால் மகரம் பகரமாகும், நகரம் தகரமாகும், ணகரம் டகரமாகும். ஒருநாள் வகுப்பில் 'மணிமேகலை' என்று சொல்ல முயன்றேன். 'படிபேகலை' என்றுதான் வந்தது. பின்வரிசையில் எழுந்த சிரிப்பில் நானும் கலந்துகொண்டேன். வேறென்ன செய்வது?

வீட்டில் இதற்குப் பெயர் 'தலையில் நீர் கோத்துக்கொண்டது' என்பது. அம்மா நொச்சித் தழையைக் கொதிக்கவைத்து, போர்வையால் மூடி வேது பிடிக்கச் சொல்வார். சித்த மருத்துவர் பீனிசம் என்றார். அலோபதி மருத்துவர் சைனஸ் என்றார். உண்மையில் சைனஸ் என்பது நோயின் பெயரன்று. முக எலும்புகளுக்குள்ளே காற்று நிறைந்திருக்கும் அறைகளின் பெயர் அது. கன்னங்களில், நெற்றியில், கண்களுக்கிடையில், மூக்கின் பின்புறம் மண்டையின் ஆழத்தில் என நான்கு இணைகளாக அவை அமைந்திருக்கின்றன. அவற்றின் அழற்சி 12 வாரங்களுக்கு மேல் நீடித்தால் நாள்பட்டது என்பர். என் கணக்கு வாரங்களில் அடங்குவதன்று, ஆண்டுகளாகத் தொடர்ந்தது. மெல்ல மெல்ல வாசனையும் போயிற்று. மல்லிகையும் மண்ணெண்ணெயும் எனக்கு ஒன்றாயின.

அந்நாட்களில்தான் இந்த நோயின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க ஒன்று தெளிவாயிற்று. மூக்கடைப்புக்கு மனிதன் செய்த வைத்தியம் ஒவ்வொன்றும், சளி எங்கிருந்து வருகிறது, எவ்வழியே வெளியேறுகிறது என்ற கேள்விக்கு அவன் கண்ட விடையைப் பொறுத்தே அமைந்திருக்கிறது. விடை தவறியபோதெல்லாம் வைத்தியமும் தவறியது.

தேரையர் கதையைத் தமிழ் வாசகர் அறிவர். தீராத தலைவலியால் துன்புறுகிறான் ஓர் அரசன். உறங்குகையில் அவன் மூக்கின் வழியே நுழைந்த தேரை ஒன்று மூளையில் அமர்ந்திருக்கிறது. அகத்தியர் கபாலத்தைத் திறக்கிறார். தேரையை எடுக்கும் வழியறியாது அவர் திகைத்து நிற்க, சீடன் ஒரு பாத்திரத்தில் நீரைக் கொண்டுவந்து காட்டுகிறான். தேரை நீருக்குள் தாவிவிடுகிறது. இதனை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் கதைக்குள் இருக்கும் உடற்கூறு கவனத்துக்குரியது. மூக்கிலிருந்து மூளைக்கு நேர்வழி உண்டு என்ற நம்பிக்கையின்மேல்தான் இக்கதை நிற்கிறது.

இதே நம்பிக்கை மேலைநாட்டிலும் இருந்தது. அங்கே வழி ஒன்றுதான், போக்குவரத்து மட்டும் எதிர்த்திசை. மூளையின் கழிவான கபம், மூக்கின் கூரையிலுள்ள சல்லடை போன்ற எலும்பின் வழியாகக் கீழே வடிகிறது என்று கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் காலன் எழுதினார். அவருடைய சொல் ஏறத்தாழ 1,500 ஆண்டுகள் ஐரோப்பிய மருத்துவத்தை ஆண்டது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் பெயர்கூடக் கபத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததே. கொள்கை மாண்ட பின்னும் அதன் சொல் வாழ்கிறது. 'தலையில் நீர் கோத்தது' என்ற நம் வழக்கும் அத்தகையதுதான்.

1651இல் இங்கிலாந்து மருத்துவர் நத்தானியேல் ஹைமோர் தம் உடற்கூற்று நூலில் கன்ன எலும்புக்குள் இருக்கும் அறையை விரிவாக விளக்கினார். லியொனார்டோ டா வின்சி 1489இலேயே மண்டையோட்டை வெட்டி அந்த அறையை வரைந்திருந்தார். ஆனால் அந்த ஓவியங்கள் அவருடைய குறிப்பேடுகளிலேயே நெடுங்காலம் உறங்கின. ஹைமோரின் நூலில் ஒரு பெண்மணியின் கதை வருகிறது. மேல்தாடைப் பல்லொன்றைப் பிடுங்கிய பிறகு, அந்தக் குழியிலிருந்து ஓயாமல் நீர் வடிந்தது. அவர் ஓர் இறகை உள்ளே விட்டுப் பார்த்தார். அது போய்க்கொண்டே இருந்தது. மூளையையே தொட்டுவிட்டோமோ என்று நடுங்கிப்போனார். அங்கே இயல்பாகவே ஒரு வெற்றிடம் உண்டு என்பதை எடுத்துச் சொல்லி அந்த அச்சத்துக்கு விளக்கம் தந்தார் ஹைமோர்.

அடுத்த பத்தாண்டில் விட்டன்பர்க் பேராசிரியர் கொன்ராட் விக்டர் ஷ்னைடர் காலனின் கொள்கையையே தகர்த்தார். சளி மூளையிலிருந்து வருவதில்லை. மூக்கின் உட்புறச் சவ்வே அதைச் சுரக்கிறது என்று காட்டினார். அந்தச் சவ்வுக்கு அவர் பெயரே வழங்குகிறது. கேள்வியின் முதற்பாதிக்கு விடை கிடைத்துவிட்டது. மறுபாதிக்கு இன்னும் மூன்று நூற்றாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

சளியைச் சுரப்பது சவ்வு என்றால் அதைச் சுரண்டி எடுத்துவிடலாமே என்பது அறுவை மருத்துவர்களின் தர்க்கம். 1893இல் நியூயார்க்கில் ஜார்ஜ் கால்டுவெல்லும், 1897இல் பாரிசில் ஆன்றி லுக்கும் தனித்தனியே ஒரே முறையைக் கண்டனர். மேலுதட்டுக்கு உட்புறம் கீறி, கன்ன எலும்பைத் துளைத்து, நோயுற்ற சவ்வை அகற்றி, சளி வடிவதற்காக மூக்கின் கீழ்ப்பகுதியில் ஒரு சன்னல் வெட்டுவார்கள். நீர் பள்ளத்தை நோக்கித்தானே பாயும்? கிணறு வெட்டத் தெரிந்த எவரும் அப்படித்தான் நினைப்பர். பல பதிற்றாண்டுகள் இம்முறை கோலோச்சியது. பலர் குணமடைந்தனர். பலருக்கு முகம் மரத்ததும் வலி நிலைத்ததும் மிச்சம்.

உடல் பொறியியல் விதிக்குக் கட்டுப்படவில்லை. சவ்வின்மேல் கண்ணுக்குப் புலப்படாத நுண்மயிர்கள் நொடிக்குப் பத்து முறைக்கும் மேல் அசைந்து சளியைத் தள்ளிச் செல்கின்றன. 1930களில் அமெரிக்க மருத்துவர் ஹில்டிங் இந்த ஓட்டத்தை ஆராய்ந்தார். பின்னர் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் வால்டர் மெஸ்ஸர்க்ளிங்கர் அதனைப் பிணங்களில் படம்பிடித்தார். உயிர் பிரிந்து பல மணிநேரம் ஆன பிறகும் அந்த நுண்மயிர்கள் தம் வேலையை விடுவதில்லை என்பது என்னை ஆழமாகப் பாதித்த செய்தி. கன்ன அறையின் இயற்கை வாசல் அதன் அடியில் இல்லை. சுவரின் உச்சியில் இருக்கிறது. புவியீர்ப்பை எதிர்த்து, கீழே எவ்வளவு பெரிய சன்னல் வெட்டியிருந்தாலும் அதைத் தாண்டி, சளி மேல்நோக்கி அந்தச் சிறு வாசலுக்கே செல்கிறது. அந்த வாசலருகே சில மில்லிமீட்டர் வீக்கம் போதும். முழு அறையும் நோயுறும்.

ஹரால்ட் ஹாப்கின்ஸ் வடிவமைத்த கண்ணாடித் தண்டு உள்நோக்கி 1960களில் பயனுக்கு வந்ததும், மெஸ்ஸர்க்ளிங்கர் உயிருள்ளோரின் மூக்கினுள்ளும் அதே காட்சியைக் கண்டார். அவருடைய சீடர் ஹைன்ஸ் ஸ்டாம்பர்கரும், அமெரிக்காவில் டேவிட் கென்னடியும் 1980களில் இதனை உலகெங்கும் பரப்பினர். சவ்வைச் சுரண்டாதே, வாசலை மட்டும் திறந்துவிடு, நோயுற்ற சவ்வும் பெரும்பாலும் தானே தேறும். புதிய கொள்கை இவ்வளவுதான்.

நிவாரணத்தின் வரலாற்றில் மாயங்களும் உண்டு. மெந்தால் தடவினால் மூக்கு திறந்ததுபோல் தோன்றும். உண்மையில் காற்றோட்டம் கூடுவதில்லை. குளிர்ச்சியை உணரும் நரம்புகள் தூண்டப்படுவதால் அப்படி உணர்கிறோம். அடைப்பை உடனே நீக்கும் சொட்டு மருந்து இன்னும் பொல்லாதது. சில நாட்களுக்கு மேல் தொடர்ந்தால், மருந்தின் வேகம் தணிந்ததும் வீக்கம் முன்னிலும் கூடும். நான் ஈராண்டு காலம் அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். நோயாளி என்பதோடு அடிமையும் ஆனேன்.

இறுதியில் ஒரு மருத்துவர் உள்நோக்கியின் திரையில் என் மூக்கினுள் வளர்ந்திருந்த சதையை எனக்கே காட்டினார். முதலில் சொட்டு மருந்தை நிறுத்தச் சொன்னார். உப்புநீரால் கழுவுதலும், ஸ்டீராய்டு தெளிப்பும் மாதக்கணக்கில் நடந்தன. அவை போதாதபோதே வாசல் திறக்கும் அறுவை. சதை மீண்டும் மீண்டும் வளர்வோருக்கு 2019 முதல் டுபிலுமாப் போன்ற ஊசி மருந்துகளும் வந்துள்ளன. எனக்கு அதுவரை போகவில்லை. இன்றும் காலையில் உப்புநீரால் மூக்கைக் கழுவுகிறேன். நூலை நுழைத்து மூக்கைத் துப்புரவாக்கும் நேதியை ஹட யோகப் பிரதீபிகை கூறுகிறது. அதன் நீர்வடிவமான ஜல நேதிக்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை. நீர் மட்டும் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். கொதிக்கவைக்காத குழாய்நீரை மூக்கிலேற்றி, அமீபா மூளையைத் தாக்கி இறந்தோர் உண்டு. மூக்குக்கும் மூளைக்கும் வழி உண்டு என்ற தேரையர் கதை அந்த ஓரிடத்தில் பொய்யாகவில்லை.

அறுவை முடிந்து சில வாரங்களுக்குப் பின் அம்மா வழக்கம்போல் நொச்சித் தழையைக் கொதிக்கவைத்தார். தேவையில்லை என்று சொல்ல வாயெடுத்தபோது அடுக்களையிலிருந்து அதன் வாசனை வந்தது. ஒன்றும் சொல்லாமல் போர்வையை எடுத்துக்கொண்டு போய் அமர்ந்தேன்.

மறுநாள் வகுப்பில் மணிமேகலை நடத்தினேன். பெயரை ஒருமுறைக்கு இருமுறை சொன்னேன். எவரும் சிரிக்கவில்லை. எவரும் கவனிக்கவுமில்லை.