ஈரல் எண்ணெய் ஈளைக்கு வந்த கதை

கடலிலிருந்து வெகுதூரத்தில், ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஓசூர். ஆனாலும் இந்த ஊர் மருந்துக்கடைகளில் மஞ்சள் நிற மீன் எண்ணெய் மாத்திரை கிடைக்காத கடை அபூர்வம். சிப்காட் தூசி, லாரிப் புகை, காலி மனைகளில் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியத்தின் மகரந்தம், அதிகாலைப் பனி எல்லாம் சேர்ந்து தும்மலையும் இளைப்பையும் இங்கே அன்றாடப் பேச்சாக்கிவிட்டன. எல்லைக்கு அப்பால் பெங்களூருவில் டாக்டர் எச். பரமேஷ் 18 வயதுக்கு உட்பட்டவர்களிடம், மருத்துவமனை அளவில் எடுத்த கணக்கு பலருக்கும் நினைவிருக்கலாம். அதன்படி 1979இல் 9 சதவீதமாக இருந்த ஆஸ்துமா, 1999இல் 29.5 சதவீதம். “மீன் எண்ணெய் மாத்திரை குடுத்தா வீசிங் நிக்குமாமே?” என்று தாய்மார்கள் கேட்பதில் வியப்பில்லை. அந்தக் கேள்வி இங்கே வந்து சேர்வதற்குள் இந்த எண்ணெய் எத்தனையோ வேலை மாறிவிட்டது.

அதன் முதல் வேலை விளக்கெரிப்பது. நார்வேயின் லோஃபோடன் தீவுகளில் காட் மீனின் ஈரலைப் பீப்பாயில் போட்டு அழுகவிடுவார்கள். மேலே மிதந்து வரும் கறுத்த எண்ணெய் விளக்குக்கும் தோல் பதனிடவும் போனது. வாதவலிக்கு அதைக் குடிப்பது மீனவர்களின் கைவைத்தியம். 1770களில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் மருத்துவமனை அதை எடுத்துக்கொண்டது. ஆண்டுக்கு 50, 60 காலன் செலவானதாக 1782இல் தாமஸ் பெர்சிவல் எழுதினார். நாற்றம் மட்டும் யாராலும் தாங்க முடியவில்லை. 1850களில் பீட்டர் மோலர் என்ற நார்வே மருந்தாளர், ஈரல் அழுகும்வரை காத்திராமல் நீராவியில் வேகவைத்துத் தெளிந்த எண்ணெயை எடுத்தார். குழந்தைகள் வாயைத் திறந்தது அதற்குப் பிறகுதான்.

ஏறக்குறைய இதே காலத்தில் ஐதராபாத்தில் மீன் வேறு வழியாகத் தொண்டைக்குள் போனது. 1845 முதல் பத்தினி என்ற பெயருடைய குடும்பத்தார் மிருகசீரிட கார்த்தி நாளன்று, மஞ்சள் நிற மூலிகைப் பசையை உயிருள்ள விரால் குஞ்சின் வாயில் வைத்து ஆஸ்துமாக்காரர்களை விழுங்கச் செய்து வருகிறார்கள். இன்றும் அங்கே பெருங்கூட்டம் கூடுகிறது. அந்தப் பிரசாதம் ஆஸ்துமாவைத் தணிக்கிறது என்று ஒப்பீட்டு ஆய்வு எதுவும் நிறுவவில்லை. மீனுக்கும் மூச்சுக்கும் ஏதோ தொடர்பு உண்டு என்ற நம்பிக்கை விஞ்ஞானத்துக்கு முன்பே இந்த நாட்டில் இருந்தது என்பதற்காகவே அதைச் சொல்கிறேன்.

1876இல் நியூயார்க்கில் ஸ்காட், பௌன் என்ற இரு வியாபாரிகள் எண்ணெயைப் பால்போல் கலக்கி விற்றார்கள். முதுகில் ஆளுயர மீனைச் சுமக்கும் மனிதர் படம் போட்ட அந்தப் புட்டி உலகெங்கும் போயிற்று; நம் தாத்தா பாட்டிகளுக்கும் அதைத் தெரியும். போலிகளும் போட்டிகளும் பின்னாலேயே வந்தன. 1919இல் எட்வர்ட் மெல்லன்பி, எலும்பு வளைந்த நாய்க்குட்டிகள் இந்த எண்ணெயால் தேறுவதைக் காட்டினார். 1922இல் எல்மர் மெக்கலம் அதற்குக் காரணமான சத்துக்கு வைட்டமின் டி என்று பெயரிட்டார். எண்ணெயின் கௌரவம் ஏறிவிட்டது.

சென்னை மாகாணமும் இந்தக் கதையில் வருகிறது. ஐ.சி.எஸ். அதிகாரி பிரெடரிக் நிக்கல்சன் ஓய்வுக்குப் பிறகு 1905 முதல் மாகாண மீன்வளத்தைக் கையிலெடுத்தார். மலபார் கரையில் மத்தி குவியும் காலத்தில் அதை வேகவைத்துப் பிழிந்து, எண்ணெயைத் தொழிலுக்கும் சக்கையைத் தோட்ட உரத்துக்கும் அனுப்பும் முறையைச் செம்மைப்படுத்தினார். அந்த எண்ணெயை மருந்தாக யாரும் நினைக்கவில்லை. தோலுக்கும் படகுப் பலகைக்கும் பூசினார்கள். 1940இல் ஜெர்மனி நார்வேயைப் பிடித்ததும் காட் எண்ணெய் வரத்து நின்றது. உடனே கோழிக்கோட்டில் சுறா ஈரல் எண்ணெய் அரசுத் தயாரிப்பாயிற்று, திருவிதாங்கூரும் இறங்கியது. எங்கோ நடந்த போர், நம் கடல் சுறாவை மருந்துக்கடைக்குக் கொண்டுவந்தது! 1947இல், ஈரல் எண்ணெயின் இன்னொரு சத்தான வைட்டமின் ஏ செயற்கையாக உருவாக்கப்பட்டது. ஆலைகள் அதை மலிவாகத் தரத் தொடங்கியதும் ஈரல் எண்ணெய்க்கு வேலை போயிற்று. அதன் கதை அத்தோடு முடிந்திருக்கும்.

முடியாமல் காத்தது பனிப் பிரதேசம். 1970இல் டென்மார்க்கின் ஹான்ஸ் ஓலஃப் பாங், யோர்ன் டையர்பெர்க் இருவரும் கிரீன்லாந்தின் மேற்குக் கரைக்குப் போய் 130 இனுயிட் மக்களின் ரத்தம் எடுத்தார்கள். சீலும் மீனும் தின்பவர்களுக்கு இதயநோய் ஏன் குறைவு என்பது அவர்கள் கேள்வி. ரத்தத்தில் நிறைந்திருந்தது ஒமேகா-3 கொழுப்பு அமிலமான இ.பி.ஏ. அங்கே இதயநோய் உண்மையிலேயே குறைவுதானா என்று பின்னால் பலர் ஐயம் எழுப்பினார்கள். அதற்குள் மாத்திரை வியாபாரம் உலகமெங்கும் பரவிவிட்டது.

இந்த எண்ணெயை ஒவ்வாமையோடு இணைத்த இழை இன்னொரு மூலையிலிருந்து வந்தது. நாஜிகளால் வேலையிழந்து ஜெர்மனியைவிட்டு வெளியேறிய வில்ஹெல்ம் ஃபெல்ட்பெர்க், மெல்போர்னில் சார்லஸ் கெல்லவேயோடு சேர்ந்து, 1938இல் கினிப்பன்றியின் நுரையீரலில் நாகப்பாம்பு விஷத்தைச் செலுத்தினார். தசையை மெதுவாக, நெடுநேரம் இறுக்கும் ஏதோ ஒரு பொருள் கசிந்தது. அது என்னவென்று தெரிய நாற்பது ஆண்டுகள் ஆயின. 1979இல் ஸ்வீடனின் பெங்ட் சாமுவேல்சன் குழு அதை அடையாளம் கண்டு லூக்கோட்ரையீன் என்றது. 1982இல் சாமுவேல்சன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆஸ்துமாவில் மூச்சுக்குழலை நெரிக்கும் பொருள்களில் முக்கியமானது இது. இன்று மருத்துவர் எழுதித் தரும் மாண்டெலுகாஸ்ட் மாத்திரை தடுப்பதும் இதைத்தான்.

லூக்கோட்ரையீனின் மூலப்பொருள் அராக்கிடோனிக் அமிலம் என்னும் ஒமேகா-6 கொழுப்பு. சூரியகாந்தி எண்ணெயில் நிறைந்த லினோலெயிக் அமிலத்திலிருந்து உடல் அதைச் செய்துகொள்ளும். மீன் எண்ணெயின் இ.பி.ஏ. அதே நொதிகளுக்குப் போட்டியாக வருகிறது, ஒரே தறியில் வேறு நூல் ஏற்றியதுபோல. அப்போது உண்டாகும் பொருள்களில் சில, பல மடங்கு வீரியம் குறைந்தவை. அழற்சியை அடக்கி முடித்துவைக்கும் ரிசால்வின் என்ற பொருள்களும் ஒமேகா-3இலிருந்தே பிறப்பதாக, 2000க்குப் பிறகு சார்லஸ் செர்ஹான் குழு காட்டியது.

அப்படியானால் மாத்திரை கொடுத்தால் ஈளை தீருமா? ஏற்கனவே ஆஸ்துமா வந்தவர்களிடம் நடந்த சோதனைகள் தெளிவான பலனைக் காட்டவில்லை. இன்ஹேலரைக் கைவிட்டு இதை நம்புவது ஆபத்து. நம்பிக்கை தந்தது கருப்பைக் காலம். டென்மார்க்கில் ஹான்ஸ் பிஸ்கார்ட் குழு 736 கர்ப்பிணிகளில் பாதிப்பேருக்கு 24ஆவது வாரம் முதல் தினமும் 2.4 கிராம் ஒமேகா-3 கொடுத்தது. மற்றவர்களுக்கு ஆலிவ் எண்ணெய். முடிவு 2016 டிசம்பரில் வெளியானது. 3 முதல் 5 வயதுக்குள் தொடர் இளைப்போ ஆஸ்துமாவோ வந்தது மீன் எண்ணெய்க் குழுவில் 16.9 சதவீதம், மற்றதில் 23.7 சதவீதம். பெரும்பலன் கண்டவர்கள், ரத்தத்தில் ஒமேகா-3 மிகக் குறைவாக இருந்த தாய்மாரின் பிள்ளைகள். கரப்பானிலோ பொதுவான ஒவ்வாமை உணர்விலோ வேறுபாடு தெரியவில்லை. 2012இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வும் மொத்தத்தில் ஒவ்வாமை நோய் குறைந்ததாகக் காட்டவில்லை, முட்டை ஒவ்வாமை உணர்வு போன்ற சிலவற்றைத் தவிர.

‘மிகக் குறைவாக இருந்த தாய்மார்’ என்ற இடத்தில்தான் எனக்கு இந்த வட்டாரம் நினைவுக்கு வருகிறது. கிருஷ்ணகிரி அணைப் பக்கம் பொரித்து விற்கும் மீனுக்குத் தனிப் பெயர் உண்டு. பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழக மையம் திலாப்பியாக் குஞ்சு வளர்க்கிறது. 1952இல் வெளிநாட்டிலிருந்து வந்து, ஜிலேபி மீன் என்று நம்மோடு ஒட்டிக்கொண்ட இனத்தின் மேம்பட்ட உறவு அது. புரதத்துக்கு அருமையான மீன்கள்; ஆனால் இ.பி.ஏ., இன்னொரு ஒமேகா-3 அமிலமான டி.எச்.ஏ. இரண்டும் சொற்பம். ஐஸ் பெட்டியில் மலையேறி வரும் மத்தியில் 100 கிராமுக்கு 1 கிராமுக்கு மேலேயே இருக்கும், கொழுத்த பருவத்தில் இன்னும் கூடும். விலையும் வஞ்சிரத்தைவிட எவ்வளவோ குறைவு.

மாத்திரை வாங்குவோர் அட்டையின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். முன்பக்கம் 1000 மில்லிகிராம் மீன் எண்ணெய் என்றிருக்கும். சாதாரண மாத்திரையில் இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120 மட்டுமே. டென்மார்க் அளவை எட்ட நாளுக்கு எட்டு மாத்திரை வேண்டும். அத்தனையை மருத்துவரைக் கேட்காமல் எந்தக் கர்ப்பிணியும் விழுங்கக் கூடாது. ஈரல் எண்ணெயென்றால் இன்னும் கவனம் தேவை. அதிலுள்ள வைட்டமின் ஏ அளவு மீறினால் கருவுக்குக் கெடுதல்; டென்மார்க்கில் கொடுத்தது ஈரல் எண்ணெய் அல்ல. மீனே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இப்போது பாசியிலிருந்து எடுத்த டி.எச்.ஏ. வந்துவிட்டது. மீனுக்கு அந்தச் சத்தைக் கொடுத்ததும் கடல் பாசிதான்.